கங்காணியும் கண்காணிப்பும்

கங்காணி என்ற சொல்லை மலையகத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கண்காணி என்பதே பேச்சு வழக்கில் கங்காணியாயிற்று. கண்ணால் காண்பவன், மேற்பார்ப்பவன் என்பது பொருள். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவனும், மலையில் நிரை பிரித்து நிறுத்தி வேலை வாங்கியவனும், அவர்களுடைய கடனைத் துண்டில் எழுதி வைத்திருந்தவனும் அவனே. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. பெரிய கங்காணிகளின் செல்வாக்கும் பின்னர் மெல்ல மங்கியது. சொல் மாத்திரம் ஒழியவில்லை. இன்றும் பொகவந்தலாவைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குப் பின்னால், நிரையின் மேற்பக்கத்தில், ஒரு கங்காணி நிற்கிறார்.

அதனாற்றான் நீரிழிவு பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தில் 'தொடர் குளுக்கோசுக் கண்காணிப்பு' என்று வாசித்தபோது என் மனக்கண்ணில் முதலில் வந்தது அந்த மனிதர்தான். மொழிபெயர்த்தவர் கொழும்பிலோ சென்னையிலோ இருந்து நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறார். எங்கள் மலைகளில் அச்சொல்லுக்கு இருக்கும் காரம் அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆயினும் அந்தக் காரத்தில் ஓர் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். பார்க்கப்படுவது வேறு, பராமரிக்கப்படுவது வேறு. இரண்டும் ஒரே கருவிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்போது எது எங்கே முடிகிறது என்பது சிந்திக்க வேண்டிய விடயம்.

முதலில் கருவியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். பாடசாலை ஆய்வுகூடத்தில் பெனடிக்ற் கரைசலோடு குளுக்கோசைச் சேர்த்துச் சூடாக்கும்போது நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, ஈற்றில் செங்கட்டிச் சிவப்பாவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். சென்ற நூற்றாண்டில் நெடுங்காலம் நீரிழிவுக்காரர் வீட்டில் வைத்திருந்த 'கருவி' இதுதான். தமது சிறுநீரைத் தாமே கொதிக்க வைத்து நிறம் பார்த்தார்கள். ஆனால் இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே சிறுநீரில் தலைகாட்டும். எனவே அது எப்போதும் பிந்தி வரும் செய்தி. சீனி குறைந்து மயங்கி விழப் போகிறவனுக்கு அது ஒன்றுமே சொல்லாது.

இரத்தத்தில் நேரே அளக்கும் மீற்றர் 1970ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்தது. அது வைத்தியர்களுக்கும் வைத்தியசாலைகளுக்குமாகச் செய்யப்பட்டது. நோயாளி வாங்க முடியாது. பன்னிரண்டு வயது முதல் நீரிழிவோடு வாழ்ந்த றிச்சர்ட் பேர்ன்ஸ்ரைன் என்ற பொறியியலாளர், வைத்தியராக இருந்த தம் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கினார். விலை 650 டொலர். ஒவ்வொரு நாளும் பல தடவை தம் விரலைக் குத்திப் பார்த்து, எந்த உணவு என்ன செய்கிறது, எவ்வளவு இன்சுலின் போதும் என்று தாமே கண்டறிந்தார். அதை எழுதி மருத்துவ சஞ்சிகைகளுக்கு அனுப்பியபோது எவரும் ஏற்கவில்லை. நாற்பத்தைந்தாவது வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து வைத்தியராகி வந்த பின்னரே அவர் பேச்சு எடுபட்டது. 2025இல் தொண்ணூறு வயதில் காலமானார். சிறுவயதிலேயே இந்நோய் கண்டவர்களில் அவ்வளவு காலம் வாழ்ந்தோர் அரிது.

இந்த மனிதரின் கதையில் என்னை உறுத்துவது ஒன்றுண்டு. ஒருவனுடைய சொந்த இரத்தத்தின் கணக்கு அவனுக்கே மறுக்கப்பட்டிருந்தது. அதை அவன் தன் மனைவியின் பெயரால் களவாகப் பெற வேண்டியிருந்தது. ஆகவே அளவிடும் கருவியை வெறுமனே கங்காணி என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அது முதலில் ஒரு விடுதலையாகவே வந்தது.

1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர் நீரிழிவுக்காரரின் இரத்தத்தில் வேறுபட்ட ஹீமோகுளோபின் ஒன்றைக் கண்டார். அதுவே இன்று எச்பிஏவன்சி என்று எல்லாக் கிளினிக்கிலும் பார்க்கப்படுவது. அது கிட்டத்தட்ட மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடும். கிளினிக் நாளுக்கு முந்திய இரண்டு நாட்கள் மட்டும் சோற்றைக் குறைத்து, சீனி போடாமல் பிளேன்டீ குடித்து, நல்ல இலக்கத்தோடு வைத்தியர் முன் போய் நிற்கும் நம்மவர் வித்தையை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிட்டது. சோதனைக்கு முந்திய இரவு மட்டும் படிக்கும் மாணவனைத் தவணைக் கணிப்பீடு காட்டிக்கொடுப்பதைப் போல.

அடுத்து 2014இல் ஐரோப்பாவில் வெளிவந்த ஃபிரீஸ்டைல் லிப்ரே போன்ற உணரிகள். தோளுக்குச் சற்றுக் கீழே கையின் பின்புறத்தில் ஒட்டும் ஒரு பெரிய பொத்தான். அதிலிருந்து மயிர் போன்ற இழை தோலுக்குள் இறங்கி, இழையங்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் குளுக்கோசை இரவு பகலாக அளக்கிறது. இரத்தத்தைவிடச் சில நிமிடம் பிந்தியது. பதினான்கு நாட்களில் கழற்றி எறிய வேண்டும். அளந்ததைக் கையடக்கத் தொலைபேசி கோடாக வரைந்து காட்டும். நோயாளி இணங்கினால் உலகின் மறுமூலையில் இருப்பவரும் அந்தக் கோட்டைப் பார்க்கலாம்.

எங்கள் கடைத்தெருவில் முன்னர் புடவைக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவருக்கு, டோஹாவில் தொழில் பார்க்கும் மகன் இத்தகைய உணரிகள் சிலவற்றை அனுப்பி வைத்தார். ஹாஜியார் இன்சுலின் போடுபவர். ஒரு நாள் ளுஹர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டிச் சொன்னார்: "மாஸ்டர், இது தோள்ல ஒட்டின கங்காணி. இருக்கிறது இங்க, பெரட்டுச் சத்தம் போடுறது டோஹாவில."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒரு கலியாண வீட்டில் வட்டலப்பம் சாப்பிட்டு எழும்புவதற்கு முன்பே கைபேசி அடித்ததாம். "வாப்பா, இப்ப என்ன தின்னீங்க?" அறுபத்தெட்டு வயது மனிதர், சபையில் பத்துப் பேருக்கு நடுவில், தன் மகனுக்குக் கணக்குச் சொன்னார். மறுமுறை கீழ்ப் பள்ளத்தில் சிக்னல் விழாத ஓர் உறவினர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்து மேட்டில் ஏறியதும் கோடு முழுவதும் மகனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னொரு நாள் போனையே வீட்டில் விட்டுப் போனார். அந்த உணரி எட்டு மணி நேரத்துக் கணக்கைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது.

அதே ஹாஜியாருக்கு ஓரிரவு மூன்று மணிக்குச் சீனி சடுதியாக இறங்கியது. அவர் நித்திரையில் இருந்தார். டோஹாவில் அப்போது பன்னிரண்டரை. மகனின் போனில் எச்சரிக்கை ஒலிக்க, அவர் உம்மாவை எழுப்பி, உம்மா சீனித் தண்ணீர் கரைத்துப் பருக்கியிருக்கிறார். இந்த இரண்டு சம்பவங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுவது இலகு. இரண்டும் ஒரே மனிதருக்கு, ஒரே கருவியால், ஒரே மகனால் நிகழ்ந்தன என்பதுதான் சங்கடம்.

தன்னைத் தானே கணக்குப் பார்த்தல் நமக்குப் புதிதல்ல. முஹாஸபா என்று அதற்குப் பெயர். பக்தாதில் வாழ்ந்து கி.பி. 857இல் மறைந்த ஹாரிஸ் அல்முஹாஸிபிக்கு அப்பெயரே அதனால் வந்தது. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் முராகபாவுக்கும் முஹாஸபாவுக்குமென ஒரு பாகத்தையே ஒதுக்கினார். வியாபாரி தன் கூட்டாளியிடம் கணக்குக் கேட்பதுபோல மனிதன் தன் நப்ஸிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்பது அங்கே விரியும் கருத்து. காலையில் நிபந்தனை, பகலில் கவனம், இரவில் கணக்கு. நீரிழிவுக்காரர் ஒருவர் காலையில் வெறுவயிற்றில் விரலைக் குத்தி, கொப்பியில் எழுதி, இரவில் புரட்டிப் பார்ப்பதும் இதற்குத் தூரமானதல்ல. உடம்பு அமானத். நாளாந்தம் நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடம்புக்கும் உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டியதை நாம் அறிவோம்.

ஆனால் முஹாஸபாவில் கேட்பவனும் சொல்பவனும் ஒருவனே. மூன்றாம் ஆள் வந்து நின்றதும் அது வேறொன்றாகிறது. ஹாஜியார் உணரியைத் தடவிக்கொண்டு, "கிராமன் காத்திபீன் மாதிரி, மாஸ்டர்" என்றும் சொன்னார். தோளருகே இருந்து எழுதும் மலக்குகளை அவர் வேடிக்கையாக உவமித்தார் என்றாலும் நான் அதை யோசித்துப் பார்த்தேன். அந்த மலக்குகள் எழுதுவது உண்மை. எதையும் விடுவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் அவர்கள் ஓர் அடியானின் ஏட்டை அவன் மகனிடமோ அண்டை வீட்டாரிடமோ காட்டுவதில்லை. அந்த ஏடு போவது மன்னிக்க வல்லவனிடம். தவ்பாவுக்கு அங்கே இடமுண்டு, அடியானின் குறையை மறைத்தல் அவனுடைய தன்மைகளில் ஒன்று. கைபேசியில் ஏறிய கோடு அழிவதில்லை. துருவி ஆராய்வதைத் தடுக்கும் கட்டளை சூரா அல்ஹுஜுராத்தில் இருக்கிறது. அன்பினால் துருவுவது அதில் அடங்காது என்று எவரும் எனக்கு இதுவரை நிறுவிக் காட்டவில்லை.

நோன்பு விடயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. தொழுகையைப் பிறர் பார்க்கலாம், ஸகாத்தை வாங்கியவர் அறிவார், ஹஜ்ஜை ஊரே அறியும். நோன்பு மட்டுமே அடியானுக்கும் ரப்புக்கும் இடையில் மறைவாக இருப்பது. ஒருவன் பகலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தானா என்பது எவருக்கும் தெரியாது. இப்போதோ உண்டவனின் கோடு நடுப்பகலில் மேலே ஏறும். நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே சலுகை தந்திருக்க, அச்சலுகையைப் பயன்படுத்தி அறைக்குள் அமைதியாக உண்ட ஒருவரின் இரகசியத்தை இந்தக் கோடு வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. மறுபக்கம் இதே கோடு உயிரையும் காக்கிறது. 2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவாளரிடையே நடந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நோயுள்ளோரில் ஏறக்குறைய 79 சதவீதத்தினர் குறைந்தது பதினைந்து நாட்களாவது நோன்பு நோற்றமை தெரியவந்தது. அவர்களிடையே கடுமையான சீனிக் குறைவு ரமழானில் ஏனைய மாதங்களைவிட ஏழரை மடங்காகியிருந்தது. சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் ரமழான் வழிகாட்டி கூறுகிறது. விரலைக் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து.

ஹாஜியார் ஒரு ரமழானில் அஸருக்குப் பின் 64இல் நின்றார். மஃரிபுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம். மகன் போனில் கெஞ்சுகிறார். நோன்பை விட்டார். மறுநாள் என்னிடம் கேட்டார்: "மகன் பார்க்கிறான் என்கிறதுக்காக விட்டேனோ, அல்லாஹ் விடச் சொன்னான் என்கிறதுக்காக விட்டேனோ? நிய்யத் எங்க, மாஸ்டர்?" பிறர் காண்பதற்காக நோன்பு நோற்பது முகஸ்துதி. பிறர் காண்கிறார்கள் என்பதற்காக நோன்பை விடுவதற்கு என்ன பெயர்? நான் ஆலிம் அல்லன், ஃபத்வா சொல்வது என் வேலையுமல்ல. எனக்குத் தோன்றியதை மட்டும் சொன்னேன். 64 என்ற இலக்கம் அவர் கண்ணில் பட்ட கணமே அது அவருக்குச் சாட்சியாகிவிட்டது. மகன் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கடமை அங்கேயே பிறந்துவிட்டது. மகனின் கெஞ்சல் அதற்குப் பிறகு வந்தது. ஹாஜியார் தலையை ஆட்டினார். முழுவதும் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

இவையெல்லாம் டோஹாவில் மகன் உள்ளவரின் பிரச்சினைகள் என்று ஒரு வாசகர் சொல்லக்கூடும். அது சரிதான். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வந்தது. பதினான்கு நாளில் எறியப்படும் அந்தப் பொத்தானின் விலைக்கு எத்தனை பேர் போட வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதே கேலியாகும். லயத்தில் வாழும் பெண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். அவள் எத்தனை கிலோ எடுத்தாள், நிரையில் எந்தச் செடியை விட்டாள், எத்தனை மணிக்கு மலைக்கு வந்தாள் என்பதெல்லாம் பதியப்படுகிறது. கொழுந்து நிறுக்கும் தராசும் பல இடங்களில் இலத்திரனியலாகிவிட்டது. அவளுடைய இரத்தத்தை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. 2005-2006இல் நாடளாவிய ரீதியில் நடந்த ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு அது தெரியாமலேயே இருந்தது. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சீனி போட்ட பிளேன்டீயுமாகப் பொழுதைக் கழிக்கும் எங்கள் மலைகளில் தெரியாதவர் தொகை குறைவாயிருக்கக் காரணம் காணேன். அரசாங்கம் 2011 முதல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களைத் திறந்து சோதித்து வருகிறது. மருந்தும் இலவசம். ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாள் ஒரு பேர் இழக்கும் நாள்.

என் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய் இப்படியொரு நோயாளி. யாரோ கொடுத்த பழைய குளுக்கோமீற்றர் ஒன்று வீட்டில் இருக்கிறது. 2022இல் ரூபா சரிந்தபோது சோதனைப் பட்டிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட, அது பல மாதம் அலுமாரியில் கிடந்தது. இப்போது கிழமைக்கு ஒரு பட்டி. தாய்க்கு எழுத்து வராது, மகள்தான் கொப்பியில் எழுதுகிறாள். ஒரு நாள் இடைவேளையில் வந்து தயங்கி நின்றாள். "சேர், அம்மா சீனியக் கொறைச்சி எழுதச் சொல்லுறாங்க. நான் என்ன செய்யிறது?"

விசாரித்தபோது விடயம் தெரிந்தது. ஒரு கிளினிக்கில் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்க, "வாயைக் கட்டத் தெரியாட்டி எதுக்கு இங்க வாறீங்க?" என்று அந்தத் தாயிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் கொப்பியை அஞ்சினார். அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டித்து இறங்கிய அத்தியாயம் சூரா அல்முதஃப்பிஃபீன். வாழ்நாள் முழுவதும் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் தன் கொழுந்தில் கிலோ கழிபடப் பார்த்து நின்ற ஒரு பெண், இன்று தன் இரத்தத்தின் நிறுவையிலேயே தானே கழிக்கிறாள். இதை அவளுடைய பொய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அளவு என்பது தனக்கெதிராகவே பயன்படும் என்று அவளுக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கணிப்பீடு என்றும் மதிப்பீடு என்றும் இரண்டு சொற்களைப் பிரித்துக் கற்பித்தார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிந்து அடுத்த அடிக்கு உதவுவது கணிப்பீடு, தீர்ப்புக் கூறுவது மதிப்பீடு. வகுப்பறையில் இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆசிரியரிடம் பிள்ளைகள் விடையை மறைப்பார்கள். வைத்தியத்திலும் இதுவே நடக்கிறது. நோயாளி பொய் சொல்லிவிட்டார் என்று கருவியைத் தேடுவதற்கு முன், உண்மை சொன்னவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். பொய் சொல்ல முடியாத உணரியை ஒட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்பவர்கள், ஏச்சை அப்படியே வைத்துக்கொண்டு மறைவிடத்தை மட்டும் பறிக்கிறார்கள்.

கருவி பெரிதாக இல்லாமலேயே நல்லது நடந்த இடங்கள் உண்டு. அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேட்டில் 2006இல் சென்னை நீரிழிவு ஆய்வு மையத்தினர் செய்மதித் தொடர்புள்ள வாகனம் ஒன்றை 42 கிராமங்களுக்கு அனுப்பினார்கள். இருபத்துமூவாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் ஊரிலேயே சோதிக்கப்பட்டார்கள். ஒரே ஆண்டில் நோயாளிகளின் எச்பிஏவன்சி சராசரி 9.3இலிருந்து 8.5க்கு இறங்கியது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் நின்ற 537 ஆண்களில் ஒரு பாதியினருக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார்கள். உணவு, நடை பற்றிய சிறு நினைவூட்டல்கள். 2013இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டில் செய்தி பெற்றோரில் 18 சதவீதமும் பெறாதோரில் 27 சதவீதமும் நோயாளிகளாயினர். அந்தச் செய்திகள் போயினவே தவிர, எவருடைய உடம்பிலிருந்தும் எதையும் எடுத்து வரவில்லை. தமிழ்நாட்டு அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. தோட்டத்துக்கு மாதம் ஒரு முறை அப்படி ஒருவர் வந்தால் எத்தனை பேர் மிஞ்சும்!

உணரியின் கோடு எந்தக் கம்பனியின் கணினியில் போய் உட்காருகிறது என்பதும் ஒரு கேள்வி. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாக ஏற்றிருக்கிறது. நல்லது. ஆனால் கைபேசியில் நீளமான ஆங்கில நிபந்தனைகளின் கீழ் 'சம்மதம்' என்பதை அழுத்தும் ஹாஜியார், துண்டில் பெருவிரல் வைத்த மூதாதையரைவிட எவ்வளவு தூரம் அறிந்து அழுத்துகிறார் என்பதை நான் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஹாஜியாரும் மகனும் இப்போது ஓர் இணக்கத்துக்கு வந்திருக்கிறார்கள். இரவில் மட்டும் மகனுக்குத் தெரியும், பகல் வாப்பாவுடையது. பகலில் செயலியின் பகிர்வை ஹாஜியாரே நிறுத்தி வைக்கிறார். இஷாவுக்குப் பின் திறந்துவிடுகிறார். சில இரவுகளில் மறந்துபோகிறார், அப்போது டோஹாவிலிருந்து ஒரு கோல் வரும், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளையிடம் நான் இலக்கத்தை மாற்ற வேண்டாம் என்றேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் கீறி, அன்று என்ன நடந்தது என்பதை அம்மா சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். அம்மா முதலில் சம்மதிக்கவில்லையாம். இரண்டு மாதத்தின் பின் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். 286க்கு எதிரே 'கோயில் திருவிழா, பொங்கல்' என்றிருக்கிறது. 211க்கு எதிரே 'மாத்திரை முடிஞ்சிருச்சி, கிளினிக் நாள் இன்னும் வரல'. 58க்கு எதிரே, பிள்ளையின் குண்டு எழுத்தில், 'மழை. மாத்திரை போட்டாச்சி. கொழுந்து நிறுக்க நேரமாகிப் பகல் சாப்பாடு மூணு மணிக்கி.' அடுத்த கிளினிக்கில் இதை வைத்தியரிடம் காட்டலாமா என்று கேட்டாள். அம்மாவிடம் கேட்டுக்கொள் என்றேன்.